தாலிக்கு முன்னே சாவியா? பத்திரம்... பத்திரம்!

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்தார்கள் நம் பெரியவர்கள். இரண்டில் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள்ளேயே ஆள் பாதியாகிவிடுவான் என்பது அதன் அர்த்தம். இப்போது சில பேர் ஒரு படி மேலே போய், கல்யாணத்துக்கு முன்னாலேயே இரண்டு பேருமாகச் சேர்ந்து வீட்டை வாங்கிவிடுகிறார்கள்!

யார் இவர்கள்? நிச்சயதார்த்தம் முடிந்து, முகூர்த்தத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் இளம் ஜோடி ஒரு வகை. கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. துணையை இழந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஐம்பத்தைந்து அறுபது வயதில் ஒருவருக்கொருவர் ஆதரவாக இருக்க முடிவு செய்கிறவர்கள். 'மறுகல்யாணம் பண்ணினா பென்ஷன் என்னாகும், பிள்ளைங்க என்ன சொல்லுவாங்க' என்ற தயக்கத்தில் தாலி மட்டும் தள்ளிப்போகிறது. வீடு தள்ளிப்போவதில்லை.

'ஆரோக்கியப் பத்திரிகையில் பத்திரம், பட்டா எல்லாம் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். மாதா மாதம் ஈ.எம்.ஐ. பிடித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் வீடு நம்முடையதா இல்லையா என்றே தெரியவில்லை என்றால் ராத்திரி தூக்கம் வருமா? தூக்கம் கெட்டால் பிரஷர், எரிச்சல், வயிற்றுக் கோளாறு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். மாத்திரை எழுதிக் கொடுக்க டாக்டர் இருக்கிறார். ஆனால் நோயின் வேர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் இருந்தால் அவர் என்ன செய்வார், பாவம்!

சேர்ந்து வாழ்வது சரியா, தப்பா என்ற விவாதத்துக்கு நாம் போகப்போவதில்லை. வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்று நடிகை குஷ்பு தொடர்பான வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றமில்லை, சரி. ஆனால் சொத்து என்று வரும்போது சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது? அதுதான் விஷயம்.

சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

கணவன், மனைவி என்றால் சட்டம் சில இடங்களில் தானாகவே வந்து கைகொடுக்கும். வாரிசு உரிமை உண்டு. ஒருவருக்கொருவர் கொடுக்கும் பரிசுக்கு வருமான வரி இல்லை. செட்டில்மென்ட் பத்திரத்துக்குச் சலுகை உண்டு. தாலி இல்லாத ஜோடிக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. எத்தனை வருடம் ஒன்றாக இருந்திருந்தாலும், சொத்து விஷயத்தில் நீங்கள் இருவரும் கூட்டாக ஒரு பொருளை வாங்கிய இரண்டு தனி நபர்கள். அவ்வளவுதான்!

'குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்களுக்குப் பாதுகாப்பு தருதே?' என்று சிலர் கேட்பார்கள். தருகிறது, உண்மைதான். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், கல்யாணத்தைப் போன்ற உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் இருவரும் சேர்ந்து குடியிருந்த வீட்டில் தங்கும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் எது 'கல்யாணத்தைப் போன்ற உறவு'? நம் கோயம்புத்தூரில் தொடங்கிய ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவுகோல் சொன்னது. இருவரும் திருமண வயதை எட்டியிருக்க வேண்டும். சட்டப்படி மணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஊர் உலகத்தின் முன் தம்பதி போலவே, கணிசமான காலம், விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஆண் ஏற்கெனவே கல்யாணமானவர், அது தெரிந்தே அந்தப் பெண் அவருடன் வாழ்ந்தார் என்றால், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்று 2013-ல் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். குடியிருக்கும் உரிமை வேறு, சொத்துரிமை வேறு. 'வெளியே போ' என்று சொல்லாமல் தடுக்கத்தான் அந்தச் சட்டம் உதவும். வீட்டில் பாதியை உங்கள் பெயருக்கு எழுதித் தராது.

தன்பாலின ஜோடிகள் நிலைமை இன்னும் கறார். அவர்களுடைய திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே அவர்களுக்கு எழுத்துதான் ஒரே துணை.

'உன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன?'

கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில்தான் பல பேருடைய சேமிப்பு கரைந்திருக்கிறது.

ஒருவர் பணம் கொடுக்கிறார். பத்திரம் இன்னொருவர் பெயரில் பதிவாகிறது. இதற்குச் சட்டத்தில் 'பினாமி' என்று பெயர். பினாமி என்றால் அரசியல்வாதிகள் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 1988-ஆம் வருடத்துப் பினாமிச் சட்டம் 2016-ல் பலமாகத் திருத்தப்பட்டது. கணக்கில் காட்டிய வருமானத்தில் மனைவி, கணவர், பிள்ளைகள் பெயரில் வாங்கினால் அது பினாமி ஆகாது என்று விலக்கு இருக்கிறது. உடன்பிறந்தவர்கள், பெற்றோர் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து வாங்கினாலும் விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் வருங்காலக் கணவரும் இல்லை, சேர்ந்து வாழும் துணையும் இல்லை!

விளைவு என்ன? 'பணம் கொடுத்தது நான். பேர்தான் அவருடையது' என்று கோர்ட்டில் நின்று சொத்தைத் திருப்பிக் கேட்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அது மட்டுமா? சொத்தை அரசாங்கமே பறிமுதல் செய்யலாம். குற்றம் நிரூபணமானால் ஒரு வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை, அபராதம் வேறு. ஆகவே முதல் விதி இது: பணம் போடுகிறவர் பெயர் பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும். அரை ரூபாய் போட்டாலும் சரி!

'சரி, அவருக்குப் பரிசாகவே கொடுத்துவிடுகிறேன்' என்றால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் பரிசாக வந்த பணம், வாங்கியவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி போடப்படும். கல்யாணத்தின்போது வரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. ஆனால் நடக்காத கல்யாணத்துக்கு அந்த விலக்கு எப்படிக் கிடைக்கும்? கடனாகக் கொடுத்தால் கடன் என்று எழுதி, வங்கி மூலமாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பத்திரத்தில் இரண்டு பெயர் இருந்தால் போதுமா?

போதாது! யாருக்கு எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும்.

1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. இருவர் சேர்ந்து வாங்கிய சொத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லையா? இருவருக்கும் சமபங்கு என்றே வைத்துக்கொள்ளப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 60 லட்சம் ரூபாய். பெண் தன் சேமிப்பிலிருந்து 15 லட்சம் போடுகிறார். ஆண் 5 லட்சம். மீதி 40 லட்சம் இருவர் பெயரிலும் வங்கிக் கடன், தவணை பாதிப் பாதி. எட்டரை சதவிகித வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய் வரும். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். கட்டிய மொத்தம் ஏறக்குறைய 20 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் அசலில் குறைந்தது முக்கால்வாசி வட்டி போக மீதிதான், அதாவது வெறும் நாலே முக்கால் லட்சம்! பாக்கி சுமார் 35 லட்சத்து 25 ஆயிரம் நிற்கிறது.

அப்போது இருவரும் பிரிய நேரிடுகிறது. வீட்டை 75 லட்சத்துக்கு விற்கிறார்கள். கடனை அடைத்தது போகக் கையில் நிற்பது 39 லட்சத்து 75 ஆயிரம். இதை எப்படிப் பிரிப்பது?

* எந்தக் கணக்கும் இல்லை, சமபங்கு என்று போனால் ஆளுக்கு 19 லட்சத்து 87 ஆயிரத்துச் சொச்சம்.

* 'முதலில் அவரவர் போட்ட முன்பணத்தை எடுத்துக்கொள்வோம், மீதியைச் சமமாகப் பிரிப்போம்' என்று எழுதி வைத்திருந்தால் பெண்ணுக்கு 24 லட்சத்து 87 ஆயிரத்துச் சொச்சம், ஆணுக்கு 14 லட்சத்து 87 ஆயிரத்துச் சொச்சம்.

* 'முன்பணமும் கடனில் பாதியும் சேர்த்து 35-க்கு 25 என்ற விகிதத்தில் வீட்டில் பங்கு. கடன் பாக்கி மட்டும் பாதிப் பாதி' என்று எழுதியிருந்தால் பெண்ணுக்கு 26 லட்சத்து 12 ஆயிரத்துச் சொச்சம், ஆணுக்கு 13 லட்சத்து 62 ஆயிரத்துச் சொச்சம்.

வீடும் அதே வீடு, பணமும் அதே பணம். எழுதிய விதத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது, பார்த்தீர்களா? இதில் எது நியாயம் என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யலாம். ஆனால் அதைச் சிரித்துப் பேசும் காலத்திலேயே செய்துகொள்ளுங்கள். முகம் திருப்பிக்கொண்ட பிறகு அந்தப் பேச்சு நடக்கவே நடக்காது.

எனவே கிரயப் பத்திரத்திலேயே 'இன்னாருக்கு இத்தனை சதவிகிதம், இன்னாருக்கு இத்தனை சதவிகிதம்' என்று எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர், 'ரெண்டு பேர் பேரையும் போட்டாச்சு, அப்புறம் என்னங்க?' என்பார். விட்டுவிடாதீர்கள். ஃப்ளாட் என்றால் பிரிபடாத மனைப் பங்கிலும் அதே விகிதம் வரட்டும். வெட்கத்துக்காகவோ, அக்கம்பக்கத்துக்காகவோ 'கணவர்', 'மனைவி' என்று பொய்யாக எழுத வேண்டாம். அவரவர் தந்தை பெயரோடு எழுதினால் போதும். பொய் எழுதிய பத்திரம் பின்னால் உங்களுக்கே எதிராக நிற்கும்.

பணத்தைச் செக் அல்லது வங்கி மாற்றல் மூலம் மட்டுமே கொடுங்கள். அவரவர் கணக்கிலிருந்து நேராக விற்பவருக்குப் போகட்டும். 'நான் உனக்கு அனுப்பறேன், நீ சேர்த்துக் கொடுத்துடு' என்ற வழி வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் என்று பொதுவாக ஆகிறது. 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம்! புது அடுக்குமாடியின் முதல் விற்பனைக்கு வேறு விகிதம் உண்டு. எதுவானாலும் இது சின்னத் தொகை இல்லை. யார் கட்டினார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவிகிதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் முதல், வாங்குபவர்கள் இரண்டு பேர் என்றாலும் மொத்த விலையை வைத்தே இந்த வரம்பு பார்க்கப்படுகிறது. இருவரும் அவரவர் பங்குக்குக் கட்ட வேண்டும்.

வங்கி பார்ப்பது கையெழுத்தை மட்டும்தான்

கூட்டுக் கடனில் இருவரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். 'எனக்குப் பாதிக் கடன்தானே?' என்று நினைக்காதீர்கள். வங்கிக்கு இருவருமே முழுக் கடனுக்கும் பொறுப்பு. ஒருவர் கட்டாமல் நின்றுவிட்டால் 17,350 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவர் 34,700-ம் கட்டியாக வேண்டும். தவணை தவறினால் கெடுவது இருவருடைய சிபில் மதிப்பெண்ணும்தான்.

இன்னொன்று. கடனில் உங்கள் பெயர் இருந்து, பத்திரத்தில் இல்லையென்றால், அதைவிட ஆபத்து வேறில்லை. கடன் உங்களுடையது, வீடு அவருடையது! வரிச்சலுகைகூடக் கிடைக்காது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் ஆளுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. ஆனால் அவர் வீட்டின் சொந்தக்காரராகவும், கடன்காரராகவும் இருந்தால்தான்.

மணமாகாத ஜோடிக்குக் கூட்டுக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்குகின்றன. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, 'எங்கள் இருவர் பெயரிலும் கடன் கிடைக்குமா?' என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு வங்கி கைவிரித்தால், 'சரி, இப்போதைக்கு ஒருத்தர் பேர்ல வாங்கிடுவோம்' என்று அவசரத்தில் முடிவெடுக்க நேரும். பல வில்லங்கங்கள் ஆரம்பிப்பது அந்த 'இப்போதைக்கு'வில்தான்.

ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்

'நமக்குள்ள என்னப்பா கணக்கு? நம்பிக்கை இல்லியா?' என்ற கேள்வி வரும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்ன ஊர் இது. கணக்கு எழுதுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. நாளைக்கு ஒருவரையொருவர் சந்தேகப்படாமல் இருப்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

கிரயப் பத்திரத்தோடு கூட, இருவருக்கும் இடையே ஒரு கூட்டுடைமை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு வக்கீல் பார்த்துச் சொன்னால் உத்தமம். அதில் இவை இருக்கட்டும்:

1. முன்பணம், பதிவுச் செலவு, மரவேலை, பெயின்ட் வரை யார் எவ்வளவு போட்டார்கள்?

2. தவணையில் யாருக்கு எவ்வளவு? ஒருவருக்கு வேலை போனால், உடம்பு முடியாமல் படுத்தால், பிரசவ விடுப்பில் இருந்தால் எத்தனை மாதம் மற்றவர் தாங்குவார்? அந்தத் தொகை கடனா, அல்லது பங்கில் கூடுதலா?

3. வீட்டு வரி, பராமரிப்புக் கட்டணம், ரிப்பேர் யார் பொறுப்பு?

4. பிரிந்தால் எத்தனை நாள் நோட்டீஸ்? வீட்டை யார் மதிப்பிடுவது? (வங்கிகளின் பட்டியலில் உள்ள இரண்டு மதிப்பீட்டாளர்களின் சராசரி என்று வைத்துக்கொள்ளலாம்.) முதலில் வாங்கும் வாய்ப்பு யாருக்கு, எத்தனை நாளைக்குள்?

5. ஒருவர் வாங்கிக்கொண்டால், கடனிலிருந்து மற்றவர் பெயரை எப்போது எடுப்பது? பெயரை எடுக்காமல் பங்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வீடும் போய்க் கடன் மட்டும் மிஞ்சும்!

6. இருவராலும் வாங்க முடியாவிட்டால் எத்தனை மாதத்துக்குள் வெளியாருக்கு விற்பது? அதுவரை யார் குடியிருப்பது, வாடகை உண்டா?

இரண்டு எச்சரிக்கை. 'நீ என்னோடு சேர்ந்து இருக்கும் வரை உனக்குப் பங்கு' என்ற மாதிரி உறவை விலையாக்கி எழுதினால், ஒழுக்கத்துக்குப் புறம்பான ஒப்பந்தம் என்று கோர்ட் தள்ளிவிடக்கூடும். பணம், பங்கு, வீடு இவற்றைப் பற்றி மட்டுமே எழுதுங்கள். இரண்டாவது, வீட்டில் புதிதாக உரிமை உண்டாக்குகிற, மாற்றுகிற வாசகம் இருந்தால் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத காகிதம் சாட்சியத்தில் நொண்டியடிக்கும்.

ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கூட்டுச் சொந்தக்காரர் யாரும் தன் பங்கை வெளியாருக்கு விற்கலாம். கூட்டுக் குடும்பத்து வீடாக இருந்தால், பங்கு வாங்கிய அந்நியர் உள்ளே வந்து குடியேறச் சட்டம் தடை போடுகிறது. நீங்கள் கூட்டுக் குடும்பம் இல்லையே! அந்தத் தடை உங்களுக்கு உதவாது. அப்புறம் பாகப் பிரிவினை வழக்குதான். இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டை நடுவில் கோடு கிழித்துப் பிரிக்க முடியுமா? பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிட 1893-ஆம் வருடத்துப் பிரிவினைச் சட்டப்படி கோர்ட் உத்தரவிடலாம். அதற்குள் எத்தனை வருடம் போகும் என்று யாருக்குத் தெரியும்!

பிரியும்போது ஒருவர் மற்றவருக்குப் பங்கை எழுதிக் கொடுப்பதிலும் செலவு இருக்கிறது. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவிகிதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. குடும்பத்தார் அல்லாதவர்களுக்கு அந்தப் பங்கின் சந்தை மதிப்பில் 7 சதவிகிதம். பதிவுக் கட்டணம் தனி. பணம் வாங்காமல் சும்மா எழுதிக் கொடுத்தால், பெற்றுக்கொண்டவருக்கு வருமான வரித் தலைவலியும் வரும்.

ஒருவர் கண்ணை மூடிவிட்டால்...

வாய் கூசினாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு தானாக மற்றவருக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது! அது அவருடைய சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மணமாகாத, பிள்ளை இல்லாத ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பங்கு அம்மாவுக்குப் போகும். அம்மா இல்லையென்றால் அப்பாவுக்கு. மணமாகாத பெண் என்றால் அவர் சம்பாதித்து வாங்கிய பங்கு அப்பா, அம்மாவுக்கு. கணவரை இழந்த, பிள்ளை இல்லாத பெண் என்றால்? அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பங்குகூட மறைந்த கணவரின் வாரிசுகளுக்குப் போய்விடும்! எத்தனையோ வருடமாக முகம் பார்க்காத மைத்துனர் வந்து சாவியைக் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

'நாமினியா என் பேர்தான் இருக்கு' என்பதும் போதாது. நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்று வைத்திருப்பவர்தான் என்பது பல தீர்ப்புகளில் வந்த விஷயம். பங்குச் சந்தைப் பங்குகளுக்கும் அப்படியே என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதற்கு மருந்து உயில். இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். முத்திரைத் தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பயன் பெறப்போகிறவரையே சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் சொந்தபந்தம் சண்டைக்கு வரும் என்று தெரிந்தால் பதிவு செய்துவிடுவது நல்லது. முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பாகத்துக்குத்தான் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

வயதான காலத்தில் துணை தேடிக்கொண்டவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 'என் பங்கில் இவர் ஆயுள் உள்ளவரை குடியிருக்கலாம். அதன் பிறகு என் பிள்ளைகளுக்கு' என்று ஆயுள்கால உரிமை கொடுத்து உயில் எழுதலாம். துணைக்கும் கூரை மிஞ்சும். பிள்ளைகளுக்கும் 'அப்பா நம்மை மறந்துட்டாரே' என்ற மனக்குறை இருக்காது. அதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கடனுக்கு இணையாக இருவரும் தனித்தனியே டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பாலிசியை வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், பணம் நேராகக் கடனுக்குப் போகும். வாரிசா, நாமினியா என்ற தகராறே வராது. இருப்பவர் தலையில் முழுத் தவணையும் விழாது.

உடம்பு விஷயமாகவும் ஒன்று. 'பவர் எழுதிக் கொடுத்திருக்கேன், எனக்கு ஏதாவது ஆனா நீ பார்த்துக்கோ' என்பார்கள். கொடுத்தவர் நினைவோடு இருக்கும் வரைதான் பவர் பத்திரத்துக்கு உயிர். அவர் புத்தி சுவாதீனம் இழந்தால் பவரும் முடிந்துவிடும். ஆகவே பெரிய நோய் வந்தால் தவணை தடைபடாமல் இருக்க, ஆறு மாதத் தவணைக்கான பணத்தை இருவர் பெயரிலும் உள்ள, யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்தக் கணக்கிலிருந்தே மாதா மாதம் தவணை போகட்டும். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கல்யாணம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

நிச்சயமானவர்கள் இதைத்தான் கேட்பார்கள். கல்யாணம் ஆனால் வாரிசு உரிமை வரும், வரிச் சலுகை வரும். ஆனால் பத்திரம் மாறாது! கல்யாணத்துக்கு முன் அவர் பெயரில் மட்டும் வாங்கிய வீடு, மூன்று முடிச்சு விழுந்த பிறகும் அவருடையதுதான். மனைவி என்பதாலேயே பாதி கிடைத்துவிடும் என்ற சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இடையில் சம்பந்தம் முறிந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். வசதி இருந்தால், தாலி கட்டிய மறுமாதம் பத்திரம் பதியலாமே? விலை ஓடிவிடும் என்ற பயத்தில் அவசரப்படுகிறவர்கள், மேலே சொன்னதை எல்லாம் செய்துவிட்டு அவசரப்படட்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை:

* முப்பது வருட வில்லங்கச் சான்றும், மூலப் பத்திரங்களும் வக்கீல் பார்த்தாரா?
* பத்திரத்தில் இருவர் பெயரும், சதவிகிதமும் இருக்கிறதா?
* பணம் அவரவர் கணக்கிலிருந்து போனதா?
* கடனில் பெயர் உள்ளவர் பத்திரத்திலும் இருக்கிறாரா?
* பதிவுக்குப் பின் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு இரண்டு பெயருக்கும் மாறியதா?
* கூட்டு ஒப்பந்தம், இரண்டு உயில், இரண்டு இன்ஷூரன்ஸ் தயாரா?
* எல்லாவற்றிலும் ஒரு செட் நகல் இருவரிடமும் தனித்தனியாக இருக்கிறதா?

இதையெல்லாம் பேச உட்காரும்போது எதிராளி முகம் சுளித்தால், கோபித்தால், 'இப்படியெல்லாம் கேப்பேன்னு நினைக்கல' என்று பேச்சை மாற்றினால், கொஞ்சம் நிதானியுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிவது நல்லதுதான். அதே ஆள், 'ஆமா, நானும் இதைத்தான் சொல்லணும்னு இருந்தேன்' என்று காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், தைரியமாகப் பால் காய்ச்சுங்கள்!